தூய விதையா? கலப்பு விதையா?

"விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. முளைக்கும் என்று நாம் கூறுகின்றோம். ஐயமுடையோர் ரெங்கத்தைச் சுற்றியுள்ள எந்தச் செம்பனைக் காட்டிலேனும் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி நட்டுப் பார்க்கலாம். முளைப்பவற்றுள் தாய்மரத்தை ஒத்தவை பாதியே. மற்றப் பாதி வேறு வகை மரங்களாய் நிற்கும்.

ஆயினும், நட்டுப் பார்த்தே அறிந்துகொள்க என்று எவருக்கும் நாம் அறிவுரை கூறமாட்டோம். கத்தரி கெட்டால் ஒரு பருவம் கெடும். செம்பனை கெட்டால் ஒரு தலைமுறை கெடும். நட்டபின் காய்ப்புக் காண ஏறக்குறைய 3 ஆண்டுகள் செல்லும். அதன்பின் 25 ஆண்டுகள் வரை அம்மரத்தையே நம்பி வாழ்தல் வேண்டும். வாழ்நாளெல்லாம் பிறர் தோட்டத்தில் உழைத்து, முதுமையில் இரண்டு மூன்று ஏக்கர் சொந்தமாய்ப் பெற்ற ஒரு தமிழனுக்கு இதில் இரண்டாம் முயற்சி என்பது கிடையாது. இத்தகையோன் காதில் ஓதப்படும் இரண்டு தவறான உபதேசங்களை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் உபதேசம்: "கலப்பு விதை கேடு, தூய விதையே நிலைக்கும்" என்பது. இரண்டாவது: "நன்றாய்க் காய்க்கும் மரத்தடியில் கன்று தானே முளைத்துக் கிடக்கக் காசு கொடுத்து வாங்குவானேன்?" என்பது. முன்னது கலப்பை இகழ்கின்றது. பின்னது கலப்பின் பலனை இலவசமாய்ப் பெறலாமென எண்ணுகின்றது. இரண்டும் ஒரே அறியாமையிற் பிறந்தவை. கன்றின் தாய் எது, தந்தை எது என்று இவ்விரு சாராரும் கேட்பதில்லை.

செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் ஜாவாவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் அழகு மரங்களாய் நின்று, பின்னர் மலாயாவிற்கும் வந்தன. 1917இல் சிலாங்கூரில், தென்னமரம் என்னும் பெயர் கொண்ட தோட்டத்தில், செம்பனை முதன்முதல் வாணிபப் பயிராயிற்று. இவ்வினத்திற்கு டெலி டூரா என்று பெயர். நமக்கு அண்மையில் லாயாங் லாயாங் பக்கத்திலுள்ள உலு ரெமிஸ் தோட்டத்து டூரா மரங்கள், செம்பனை இனப்பெருக்கம் செய்வோர் உலகெங்கும் அறிந்தவை.

டூராவின் கொட்டைக்கு ஓடு தடிப்பு; அதனால் சதை குறைவு. பிசிபெரா என்னும் மற்றொரு வகைக்கு ஓடே இல்லை. ஆனால் அதன் குலைகள் பெரும்பாலும் முதிராமலே அழுகிப் போகும். ஒன்று ஓட்டைச் சுமப்பது; மற்றொன்று காய்ப்பையே இழந்தது. டூராத் தாயின் பூவில் பிசிபெராவின் மகரந்தத்தைத் தூவினால் பிறப்பது டெனெரா. அதன் ஓடு மெல்லியது, சதை மிகுதி, எண்ணெய் டூராவினும் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு கூடுதல். இவ்வுண்மையைப் பெல்ஜியக் காங்கோவில் ஆராய்ந்த பேர்னார்ட், வாண்டர்வேயன் என்னும் இருவர் 1941இல் வெளியிட்டனர். 1960களில் மலேசியத் தோட்டங்கள் டூராவைக் கைவிட்டு இக்கலப்பை நடத் தலைப்பட்டன. 2013இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆராய்ச்சியாளர் பிறநாட்டு அறிஞருடன் கூடி, ஓட்டின் தடிப்பை ஆளும் மரபணுவையும் கண்டறிந்தனர். இத்தனைக்கும் பின்னர்க் "கலப்பு கேடு" என்பாரை என்னென்பது! அவர் மெச்சும் தோட்டமெல்லாம் கலப்பாலன்றோ பசுமையுற்றிருக்கின்றது?

இனி இரண்டாம் உபதேசத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கெழுதுதல் கிராணிகளாகிய நமக்கு அன்றாடத் தொழிலே. டெனெராக் காட்டில் சுற்றி நிற்பவை எல்லாம் டெனெரா. ஆகவே அங்கு உதிரும் பழத்தின் தாயும் டெனெரா, தந்தையும் டெனெரா. பட்டாணிச் செடியைக் கொண்டு மெண்டல் 1866இல் வெளியிட்ட விதி இங்கும் வழுவாது: நான்கில் ஒன்று டூரா, இரண்டு டெனெரா, ஒன்று பிசிபெரா. ஏக்கருக்கு 60 மரம் என்று கொண்டால், 15 டூரா, 30 டெனெரா, 15 பிசிபெரா. அப்பதினைந்து பிசிபெராவும் உரம் உண்ணும், ஓங்கித் தழைக்கும், அடுத்த மரத்தின் வெளிச்சத்தையும் மறைக்கும், குலை மட்டும் தாரா. டூராக் குலையோ எடையில் நிற்கும், எண்ணெயில் நில்லாது. ஆலையில் தரம் பிரிப்போர் அதற்கேற்பக் கழிப்பர். எண்ணெய்க் கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதே நிலம், அதே உரம், அதே உழைப்பு!

இன்னும் கொடியது யாதெனில், நாற்றுப் பருவத்தில் இம்மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எத்துணைக் கைதேர்ந்த மண்டோரும் பார்வையால் பிரித்தறிதல் அரிது. இதனை நன்கறிந்தே சிலர் மரத்தடிக் கன்றுகளைப் பையில் இட்டு, "உயர்ந்த ஜாதிக் கன்று" என்று விற்கின்றனர். கேட்டால், "ஏழைகளுக்காக மலிவாய்க் கொடுக்கின்றோம்" என்கின்றனர். ஏழையின் 25 ஆண்டுகளைக் கொள்ளையிடுவதற்கு இரக்கம் என்றா பெயர்? நிலத்தின் விலை, உரத்தின் விலை, கூலி இவற்றின் முன் கன்றின் விலை சிறிது. அச்சிறிய காசை மிச்சம் பிடித்துப் பெரிய முதலை இழப்பது சிக்கனமன்று.

பால்மரக் காலத்தில் நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று புகழ்பெற்ற மரம், ஜிர் 1, பி.பி. 86 என்னும் இரண்டைக் கலந்து பெறப்பட்டது. அதன் கொட்டையை நட்டால் அதே மரம் வாராது என்பதனாலன்றோ ஒட்டுக்கன்று நட்டார்கள்? பால்வெட்டுக் கத்தி பிடித்த பாட்டன் அறிந்ததைக் குலை அறுக்கும் பேரன் மறப்பது தகுமோ?

தூய விதைக்கு இடமே இல்லையோவெனின், உண்டு. லயத்துக் கொல்லையில் பயற்றங்காய் போடுகின்றவர், நிலைபெற்ற தூய வகையைத் தேர்ந்தால் ஆண்டுதோறும் தம் விதையைத் தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறரிடம் கையேந்த வேண்டுவதில்லை. கலப்பு விதையில் அது நடவாது. ஒவ்வொரு முறையும் புதிதாய் வாங்கவே வேண்டும். செம்பனையிலும், தாயையும் தந்தையையும் வழி தவறாது ஒருவர் போற்றிவந்தாலன்றிக் கலப்புக்கு வழியில்லை. ஆதலின் தூயது உயர்வு, கலப்பு தாழ்வு என்பதும் பிழை. கலப்பு உயர்வு, தூயது தாழ்வு என்பதும் பிழை. எப்பயிருக்கு, எந்நோக்கத்திற்கு என்பதே கேள்வி.

விதைப் பேச்சு எழுந்தவுடன் அதைக் கலியாணப் பந்தலுக்கு இழுத்துச் சென்று, "விதையிற் கலப்புக் கூடாதது போலக் குலத்திலும் கூடாது" என்று பேசும் பெரியோரும் நம்மிடை உளர். செம்பனை அவர்க்குச் சாட்சி சொல்ல மறுக்கின்றது. அதனாலேயே கலப்புமணத்திற்கு அது சாட்சியென்றும் நாம் வாதிக்கமாட்டோம். மனிதர் எண்ணெய்க்காக வளர்க்கப்படும் மரமல்லர். ஆணும் பெண்ணும் மணந்துகொள்வதற்கு அவர்தம் மனமும் அறிவும் போதும். நாற்றுமேடையின் சான்று வேண்டா.

ஆகவே, நடப்போகும் அன்பர்களே! கன்று வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தாய் டூராவா, தந்தை பிசிபெராவா? விதை எங்கே உண்டாக்கப்பட்டது? விற்பவரிடம் வாரியத்தின் உரிமம் உண்டா? 2005ஆம் ஆண்டின் உரிம விதிகள் விதைக்கும் கன்றுக்கும் பொருந்தும். கேட்பது உங்கள் உரிமை. வளர்ந்த மரங்களோடு நிலம் வாங்குவோர், பழுத்த பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மெல்லிய ஓட்டைச் சுற்றிக் கருநிற நார் வளையம் தெரிந்தால் டெனெரா. வளையமின்றித் தடித்த ஓடு மட்டும் தெரிந்தால் டூரா. ஒரு மரத்தோடு நில்லாது பல மரங்களில் பாருங்கள்.

விதைப்பையின் சீட்டு ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கின்றது. அதைப் படிக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் படிக்கத் தெரியாத ஒருவருக்குத் தமிழில் எடுத்துரைப்பாராக. கற்ற கல்விக்கு இதனினும் சிறந்த பயன் தோட்டப்புறத்தில் வேறில்லை.