வெள்ளம் வருமுன் அளத்தல்

மழையின்றி உலகில்லை, அம்மழையே அளவு கடந்துழிக் கேடும் பயக்கும். மழை கெடுத்தலையும் எடுத்தலையும் வள்ளுவர் பெருமான் வான்சிறப்பில் ஒரே குறளுள் அடக்கி வைத்தார். அதனைத் தேர்வின் பொருட்டுக் கற்கும் நாம், நம் ஊர்களின் பொருட்டுக் கற்கின்றோமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு, ஃபெஞ்சல் என்னும் புயல் புதுச்சேரியின் அருகே கரை கடந்தது. காற்றின் விரைவை மட்டும் நோக்கின், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இதே கரையைத் தாக்கிய தானே புயலுக்கு அது ஈடன்று. ஆயினும் அஃது உடனே அகலாது, பல மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. அதனால், கடற்கரையூர் அல்லாத மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டம் ஓராண்டிற் பெறும் மழையே சுமார் 100 சென்டிமீட்டர்தான். டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து எழுவர் மாண்டனர். பின்னர்ச் சாத்தனூர் அணையினின்று வந்த பெருநீர் தென்பெண்ணைக் கரையூர்களுட் புகுந்தது. புயல் ஒன்றே, மலையடியில் ஒருவகை, ஆற்றங்கரையில் ஒருவகை, ஏரிக்கரையில் ஒருவகை என அபாயம் இடந்தோறும் வேறுபட்டது.

“இயற்கையின் சீற்றத்தை அளக்க வல்லார் யார்?” எனச் சிலர் வினவுவர். மத்தேயு சுவிசேஷத்தில் நம் ஆண்டவர் உரைத்த உவமை அதற்குத் தக்க விடையாகும். கன்மலைமேற் கட்டிய வீட்டையும் மணலின்மேற் கட்டிய வீட்டையும் மோதியவை ஒரே மழையும் ஒரே வெள்ளமும் ஒரே காற்றுமே. ஒன்று நின்றது; மற்றது விழுந்தது. வேற்றுமை வானத்தில் இல்லை, அடிப்படையில் இருந்தது. மழையைத் தடுத்தல் நம்மால் ஆகாது. அடிப்படையை அளத்தல் ஆகும்.

அளக்க வேண்டுவன மூன்று. பெருமழை பெய்யின் நீர் எவ்வழி வரும்? அவ்வழியில் எத்தனை வீடுகளும், பள்ளிகளும், கிணறுகளும், தொழுவங்களும் உள்ளன? அவற்றில் வாழ்வோருள் தாமே எழுந்து நடக்க இயலாதவர் எவர்? முதல் வினாவிற்கு வானிலை நூலார் துணை செய்வர். ஏனைய இரண்டிற்கும் விடை அவ்வூராரிடமே உண்டு. மண்சுவர் வீடுகள் எவை, தூர்ந்த வாய்க்கால் எது, எந்த மதகு திறவாது என்பவற்றை ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் கிழவர் அறிவார். மாவட்டப் படத்தில் அவை காணப்படா.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் திட்டம் வேண்டுமென விதித்துள்ளது. அது நன்றே. எனினும் மாவட்டத்தின் சராசரி மயிலத்தின் துயரைக் காட்டாது. ஆதலின் ஊராட்சிதோறும் தனிக் கணக்கு வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர், ஆகஸ்டு 15ஆம் நாள் கூடும் கிராம சபையில் அக்கணக்கை ஆண்டுதோறும் ஊரறியப் படித்துத் திருத்துதல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்பேடும், நடக்கும் கால்களும், கேட்கும் செவியும் போதும்.

இவை மூன்றும் மாணவராகிய நம்மிடம் இல்லையா? சிறுபாணாற்றுப்படை கற்கும் நாம், ஓய்மானாட்டு நல்லியக்கோடனது கிடங்கில் என்னும் ஊர் திண்டிவனத்தைச் சார்ந்தது எனப் பிழையின்றி எழுதுவோம். அக்கிடங்கல் ஏரி நிரம்பி வழியின் முதலில் நனையும் தெரு யாதென வினவினால் வாய் திறவோம். நூலறிவு ஊரறிவோடு கூடாதவழி, வெள்ளம் வந்த பின்னர் உணவுப் பொட்டலம் சுமப்பது ஒன்றே நம் தொண்டாய் நிற்கும். அத்தொண்டும் உயர்ந்ததே. ஆயினும், பொட்டலம் வேண்டாதபடி ஒரு முதியவளை முன்னாள் மாலையே மேட்டுநிலம் சேர்ப்பித்தல் அதனினும் உயர்ந்தது. வரும் விடுமுறையில் நம் நம் ஊர்களை அளக்கத் தொடங்குவோமாக.