காய்ச்சல் விட்டுருச்சுல்ல, இன்னும் என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் மட்டும் உட்கார்ந்து படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பெண், தன் நாலு வயதுப் பையன் படுத்திருக்கிற வீடியோவைப் போட்டாள். "நாலு நாளா காய்ச்சல். இன்னிக்குக் காலைல விட்டுருச்சு. ஆனா சோர்ந்தே கிடக்கான், வயிறு வலிக்குதுங்கறான், என்ன பண்ணலாம்?" என்று கேட்டிருந்தாள். வந்த பதில்களைப் பாருங்கள். நிலவேம்பு கொடு. பப்பாளி இலைச் சாறு கொடு. கண் பட்டிருக்கும், சுத்திப் போடு. காய்ச்சல் விட்டுருச்சுல்ல, அசதியா இருக்கும், தூங்க விடு. ஒருவர் கும்பிடுகிற கை மட்டும் போட்டிருந்தார். பையன் கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் போன் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். டெங்கு. மூன்று நாள் படுக்கையில் இருந்து இப்போது நன்றாக வீடு திரும்பிவிட்டான். குரூப்பில் எனக்குக் கிடைத்த பட்டம், "பயமுறுத்துற டீச்சர்". முப்பத்து நாலு வருஷம் பட்டப்பெயரோடு வாழ்ந்தவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் அந்தப் பதில்களைச் சும்மா விட முடியாது.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியவள். இங்கே நான் சொல்வது எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. கிராம நர்ஸம்மாவுக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பதுதான். அவர்களுக்குத் தெரிந்தது, பட்டப்படிப்பு படித்த நம் வீடுகளுக்குத் தெரியவில்லை.

டெங்குவை முதலில் சொல்கிறேன், மழைக்காலம் வந்துவிட்டது. மற்ற காய்ச்சலில் சூடு இறங்கினால் நிம்மதி. டெங்குவில் சூடு இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்பு தணிகிற சமயத்தில், சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம். அப்போது வெளியே தெரிவது என்ன? விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, எழுப்பினால் சரியாக எழாமல் துவண்டு கிடப்பது அல்லது இருப்புக் கொள்ளாமல் புரள்வது, ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் வராமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். இந்த நேரத்தில்தான் நம் வீடுகளில் "காய்ச்சல் விட்டாச்சு" என்று குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையில் நின்றபடியே சரிந்த பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். வீட்டில் கேட்டால், "நேத்தே காய்ச்சல் விட்டுருச்சே டீச்சர்!"

நிலவேம்பு குடிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அரசாங்கமே கொடுத்ததுதான். குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் குழந்தையைப் பார்ப்பதை நிறுத்துகிறார்களே, அதோடுதான் சண்டை. தட்டணு எண்ணிக்கையை மட்டும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மணிக்கு ஒருமுறை குரூப்பில் போடுகிறார்கள். அந்த எண்ணிக்கை ஒன்றை வைத்து எந்த டாக்டரும் முடிவு செய்வதில்லை. குழந்தையின் கை சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க லேப் வேண்டுமா? இன்னொன்று, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர வேறு மருந்தை, ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எதையும், நீங்களாக மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

தெர்மாமீட்டர் ஒன்றை மட்டும் நம்புவதும் இதே ரகம்தான். 102 டிகிரி காய்ச்சலோடு கஞ்சி குடித்து, விளையாடி, ஒழுங்காக ஒண்ணுக்குப் போகிற பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். 99 காட்டினாலும் பாலைக் குடிக்காமல், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடக்கிற பிள்ளையை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தை மட்டும் இதற்கு விலக்கு. அதற்கு 100.4 தொட்டாலே, சிரித்துக்கொண்டிருந்தாலும், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உடம்பு வழக்கத்தைவிடச் சில்லிட்டுப் போனாலும் அப்படியே.

அடுத்தது மூச்சு. இதில் எனக்குக் கொஞ்சம் பிரியம், ஏனென்றால் எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணுவதற்கு நான்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்! குழந்தை அழாமல், தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிஷம் முழுதாக வைத்து, வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் அது வேகமான மூச்சு, அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். "சளிதான், தைலம் தேச்சா கரைஞ்சிரும்" என்று சொல்கிற பெரியவர் யாரும் அந்த விலாவைப் பார்த்துச் சொல்வதில்லை. கம்பளிக்குள் சுருட்டி வைத்த பிள்ளையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது இன்னும் நடக்கிறது. கல்லூரிப் பேராசிரியர் வீட்டிலேயே பார்த்தேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டக் கூடாது. முதல் தடவை வந்த வலிப்பு என்றால் நின்றுவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

சிறுநீரைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் பேசுவதாகக் கேலி செய்கிறீர்கள். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சாதாரணச் சளிக்குக் கொடுத்த மருந்து அது. ஒண்ணுக்கு வராமல் போனதுதான் அங்கே அபாயமணி. உங்கள் வீட்டில் பிள்ளைக்கு ஒண்ணுக்கு வரவில்லை என்று எத்தனை மணி நேரம் கழித்துக் கவனிப்பீர்கள்? டயப்பர் போட்ட குழந்தைக்கு எத்தனை ஈர டயப்பர் மாற்றினோம் என்று யாராவது எண்ணுகிறீர்களா?

இப்போது என் பெரியப்பா மகன் அண்ணனுக்கு. "நாங்கல்லாம் கை வைத்தியத்துல வளரலையா?" என்று எழுதியிருந்தீர்கள். அண்ணே, வளர்ந்தவர்கள் மட்டும்தானே இன்றைக்குக் குரூப்பில் இருக்கிறோம்? 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. 2020இல் அது 28. தமிழ்நாட்டில் 13. இந்த வித்தியாசம் வசம்பால் வந்ததா? நம் அம்மாக்கள் பெற்றதில் எத்தனை, வளர்த்ததில் எத்தனை என்று நீங்களே கணக்குப் போடுங்கள், நான் எழுதவில்லை.

அதற்காக மூக்கு ஒழுகினாலே ஓடச் சொல்கிறேனா? இல்லை. முதல் நாளே "ஊசி போடுங்க, டிரிப் ஏத்துங்க" என்று டாக்டரை நச்சரிப்பவர்களும், போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக் பாட்டிலை எடுத்து ஊற்றுபவர்களும் எனக்கு இதே அளவு எரிச்சல். தேவையில்லாத நாளில் ஓடுகிற இவர்களேதான், தேவையான ராத்திரியில் "விடியட்டும்" என்கிறார்கள்.

அந்த "விடியட்டும்" யார் வாயிலிருந்து வருகிறது என்றும் பார்த்திருக்கிறேன். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவள் வாயிலிருந்து அபூர்வமாகத்தான் வரும். அவள் "என்னமோ சரியில்லங்க" என்பாள். மாமியார் செவ்வாய்க்கிழமை என்பார். துபாயில் இருக்கிற புருஷன் போனிலேயே "ஒண்ணும் இல்ல, பதறாத" என்பான். கையில் காசு வைத்திருக்கிற மாமனார் தூங்கப் போயிருப்பார். என் மாணவிகளே, அந்த நேரத்தில் யாருடைய அனுமதியும் தேவையில்லை. 108க்குக் காசு இல்லை. அரசு தலைமை மருத்துவமனை ராத்திரியும் திறந்திருக்கும். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் போய்வந்த அலைச்சலோடு முடிந்தது. அதைச் சொல்லிக் காட்டுகிறவர்களிடம் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக, என்னிடம் படித்து டாக்டராகவும் நர்ஸாகவும் இருப்பவர்களுக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவளிடம் "இதுக்குப் போயா இந்நேரத்துல தூக்கிட்டு வந்தே?" என்று கேட்கிறீர்கள். உங்களில் சிலர் கேட்டதை என் காதாலேயே கேட்டேன், பேர் சொல்ல மாட்டேன். அடுத்த முறை அவள் விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். அவளை வீட்டுக்கு அனுப்பும்போது, எது எது வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுங்கள். கையெழுத்து புரிகிற மாதிரி. இரட்டைக் கோடு நோட்டில் உங்களை எழுத வைத்தவள் கேட்கிறேன்.