தீரா நோயும் தீரும் வலியும்

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்" என்னும் சொல் நம் நாட்டு மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கப்படுவதொன்று. எம் தெருவில் தச்சுத்தொழில் செய்து வாழ்ந்த முதியவர் ஒருவர், வாயிற் புற்றுநோய் கண்டு, இச்சொல்லைக் கேட்டு வீடு திரும்பினார். மூன்று திங்கள் இரவெல்லாம் அவர் முனகும் ஒலி எம் செவியில் விழுந்தது. பழம் வாங்கிச் சென்றோம், அருகிருந்து செபித்தோம். அவ்வலிக்கு மருந்துண்டு என்பதை மட்டும் அறிந்திலோம். அறியாமையால் நேர்ந்த அக்குறையே எம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

நோயை ஒழித்தல் கைகூடாதவிடத்தும் நோயாளியின் துன்பத்தைத் தணித்தல் கைகூடும். வலி, மூச்சுத்திணறல், குமட்டல், உறக்கமின்மை, படுக்கைப்புண் ஆகிய இவற்றைத் தணிப்பதையே முதற்பணியாகக் கொண்டது தணிப்பு மருத்துவம். இதற்கு வித்திட்டவர் ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் ஆங்கில மாதரார். செவிலியாயிருந்த அவர், சாவை நோக்கியிருப்போர் படும் பாட்டைக் கண்டு, மருத்துவம் கற்று 1957-ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி மீண்டும் எழும்வரை காத்திராது, குறித்த மணிதோறும் மருந்தளித்தல் வேண்டும் என்பதும், உடல் நோவோடு மனக்கவலை, குடும்பக் கவலை, ஆன்மத் துயர் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்கல் வேண்டும் என்பதும் அவர் காட்டிய நெறிகள். உலக நல நிறுவனம் 1986-இல் புற்றுநோய் வலியைத் தணிக்க மூன்று படிகளை வகுத்தது. கடும்வலிக்குரிய மூன்றாம்படி மருந்து, அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் ஆகும்.

அபின் என்ற அளவில் அஞ்சுவார் பலர். நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவான் என்பர். மருத்துவர் மேற்பார்வையில், வலியின் அளவறிந்து கொடுக்குங்கால் அவ்வாறு நேர்தல் அரிது. மூச்சு நின்றுவிடும் என்பாரும் உளர். சிற்றளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்க்கு அவ்வச்சம் பெரிதும் வேண்டுவதில்லை. குமட்டல் சின்னாளில் அடங்கும். மலச்சிக்கலோ தொடர்ந்து நிற்குமாதலின், அதற்குரிய மருந்தையும் உடன் கொடுத்தல் வேண்டும்.

இனிச் சட்டத்தைக் குறித்தும் ஒரு சொல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கள்ள வாணிகத்தை ஒடுக்க எழுந்தது. அதன் கடுமைக்கும், பெறவேண்டிய பல உரிமங்களுக்கும் அஞ்சி, மருத்துவமனைகள் பல மார்ஃபின் வைத்தலையே கைவிட்டன. மருந்துக்கென அபின் விளையும் நம் நாட்டிலேயே நோயாளர் அஃதின்றி வருந்தலாயினர். 2014-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தி, ஒரே உரிமத்தால் மருந்தைப் பெற வழிசெய்தது. ஆயினும் சட்டம் இளகிய அளவு மக்கள் அச்சம் இளகிற்றில்லை. உலகில் தணிப்பு மருத்துவம் வேண்டுவாருள் நூற்றுக்கு 14 பேரளவினரே அதனைப் பெறுகின்றனர் என்று உலக நல நிறுவனம் கூறுகின்றது.

நம் கிறிஸ்தவ இல்லங்களில் வேறொரு தடையும் உண்டு. துன்பம் இறைவன் அனுப்பும் சோதனை, அதனைப் பொறுத்தலே பக்தி என்பர் பெரியோர் சிலர். தம் துன்பத்தை ஒருவர் அவ்வாறு ஏற்பாராயின் அவரை வணங்குவோம். பிறர் துன்பத்தைத் தணிக்காமைக்கு அதனைக் காரணமாகக் காட்டுதல் தகுமோ? நம் ஆண்டவர் தம்மிடம் வந்த நோயாளரைப் பொறுத்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினாரல்லர்.

செய்யத்தக்கது யாது எனின், அண்டை நாடாகிய கேரளத்தை நோக்குக. 1993-இல் கோழிக்கோட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவரும் தொண்டரும் கூடி வலிதணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பின்னர் மலப்புரம் முதலிய இடங்களில் ஊராரே பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடுதோறும் சென்று நோயாளரைப் பேணலாயினர். 2008-இல் கேரள அரசு இப்பணியைத் தன் கொள்கையாக ஏற்றது. பொருளினும் அயலார் அன்பே அங்கு முதலாயிற்று.

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கெனக் கண்ட வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பேணுவானையும் ஓர் உறுப்பாக வைத்தார். முதல் மூன்றும் மாணவராகிய நம் கையில் இல்லை, நான்காவது உண்டு. படுத்திருப்பாரைக் குறித்த வேளையில் புரட்டிப் படுக்கவைத்தல், உலர்ந்த வாயைத் துடைத்தல், மருந்து வேளை தவறாது காத்தல், அவர் பேச விரும்புவதைப் பொறுமையோடு கேட்டல் ஆகியவற்றைச் சின்னாளிற் கற்கலாம். நம் கல்லூரிச் சமூகப் பணிக் கழகத்தார் வரும் ஆண்டிலேனும், இப்பணியில் தேர்ந்த செவிலியர் ஒருவரை அழைத்து நமக்குப் பயிற்சி அளிப்பாராக. பழைய மாணவருள் மருத்துவராயிருப்போர் இதற்குத் துணைநிற்பாராக.

அத்தச்சர் மறைந்துவிட்டார். அவருக்குச் செய்யத் தவறியதை இனி அத்தெருவில் நோயுறும் ஒருவருக்கேனும் யாம் செய்தல் வேண்டும்.