‘நாலு நாள்தானே அக்கா!’ - பக்கத்து வீட்டில் நாயை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பும் முன்...

“நாலு நாள்தான் அக்கா. ஒரு தொந்தரவும் பண்ண மாட்டான். நேரத்துக்கு சாப்பாடு வெச்சா போதும்.”

“அதுக்கென்ன தம்பி, நிம்மதியா போயிட்டு வாங்க.”

கிண்டியில் ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இந்தப் பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு பை தீனி, ஒரு பழைய போர்வை, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் கைமாறும். நாயும் கைமாறும். கூடவே சட்டப்படியான ஒரு பொறுப்பும் கைமாறுகிறது. அதைத்தான் இரண்டு பேருமே கவனிப்பதில்லை.

நாயை ஊருக்கே அழைத்துப் போகலாமே என்றால், அது அவ்வளவு சுலபமில்லை. ரயிலில் நம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஏ.சி. முதல் வகுப்பில் ஒரு கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் இருக்கும் பெட்டியில் அது தனியாக வரும். பண்டிகைக் கூட்டத்தில் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடிப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கே வர மாட்டேன் என்றார் மகாபாரதத்து தர்மர். நமக்கு திருநெல்வேலிக்குப் போகவே அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

இப்படி ஒருவர் தன்னுடையதை இன்னொருவரிடம் ஒப்படைத்து, பிறகு திரும்ப வாங்கிக்கொள்வதைப் பற்றி நம் நாட்டில் 150 வருடங்களுக்கும் மேலாக ஒரு சட்டம் இருக்கிறது. அது 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். நாயையும் அது ‘பொருள்’ கணக்கில்தான் சேர்க்கும். செல்லம் வளர்ப்பவர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால், அது சொல்வதெல்லாம் மாடிப்படிப் பேச்சில் விட்டுப்போகும் விஷயங்கள்தான். அதன் 151-வது பிரிவின்படி, சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அப்படித்தான் ஒப்படைக்கப்பட்டதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் ஏதாவது நேர்ந்துவிட்டால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாத பட்சத்தில், அவர்மேல் பழி இல்லை என்கிறது 152-வது பிரிவு. கதவை எல்லாம் மூடி வைத்தும் நாய் எப்படியோ தப்பி ஓடுவது வேறு. கதவைத் திறந்து போட்டுவிட்டு மொட்டை மாடியில் வடகம் காயவைக்கப் போவது வேறு.

இந்தச் சட்டத்தில் உதாரணமாக ஒரு குதிரை வருகிறது. முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் அதைச் சொல்லாமல் ஒருவர் இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறார். குதிரை மிரண்டு ஓடுகிறது, ஏறியவர் கீழே விழுந்து அடிபடுகிறார். நஷ்டத்துக்குக் கொடுத்தவர்தான் பொறுப்பு. குதிரை இருக்கும் இடத்தில் நாயை வைத்துப் பாருங்கள். சாப்பிடும்போது தட்டின் பக்கம் கை நீட்டினால் உறுமும், குழந்தைகள் ஓடினால் துரத்தும், டெலிவரி பையனைக் கண்டால் ஆகாது... இதெல்லாம் வளர்ப்பவருக்குத் தெரியும். பார்த்துக்கொள்பவருக்குத் தெரியாது. “எங்க பையன் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான்” என்பது பாசத்தில் வரும் வார்த்தை. ஆனால், பக்கத்து வீட்டில் மூன்று வயதுப் பேரன் விடுமுறைக்கு வந்திருக்கும்போது அந்த வார்த்தை ஆபத்தானது.

கடித்துவிட்டால்? அங்கே இன்னும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு, ஒரு விலங்கால் மனிதர்களுக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளும் கடமையைப் பேசுகிறது. அது ‘உரிமையாளர்’ என்று சொல்லவில்லை. யார் வசம் விலங்கு இருக்கிறதோ அவர் என்கிறது. அலட்சியமாக இருந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த நாலு நாளில் நாய் அக்காவின் வசம்தான் இருக்கிறது.

2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை சென்னை இன்னும் மறக்கவில்லை. லிஃப்ட்டில் புதிதாக ஒரு நாயைப் பார்த்தால் அக்கம்பக்கத்தினர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் வாட்ச்மேனிடமும் எதிர் ஃபிளாட்டிலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளியே போகும்போது கழுத்துப்பட்டை, சங்கிலி இல்லாமல் வேண்டாம். கடிக்கும் பழக்கம் இருந்தால் வாய்மூடியும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவது வளர்ப்பவரின் வேலை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ், மாநகராட்சி லைசென்ஸ் இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாக்டர் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழாகத்தான் இருக்கும். நாயை அடுத்த 10 நாட்களுக்குக் கண்காணிக்கவும் சொல்வார்கள். நாலு நாள் ஏற்பாடு அப்போது பத்து நாளாகிவிடும்.

உறவு கெட்டுப்போவது பெரும்பாலும் பண விஷயத்தில்தான். அதுவும் யாரும் பணம் கேட்டு அல்ல, கேட்கக் கூச்சப்பட்டு. இரவு 11 மணிக்கு நாய் விடாமல் வாந்தி எடுக்கிறது. வளர்ப்பவரின் போன் ‘நாட் ரீச்சபிள்’. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போவதா, பக்கத்தில் இருக்கும் தனியார் கிளினிக்குக்கா? ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுப்பதா, ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடுவது யார்? இதையெல்லாம் அந்த நேரத்தில் முடிவு செய்யும் சங்கடத்தை அக்காவின் தலையில் கட்டக் கூடாது. கூலி வாங்காமல் பார்த்துக்கொள்பவர் செய்த அவசியச் செலவைக் கொடுத்தவர் திருப்பித் தர வேண்டும் என்று 158-வது பிரிவு சொல்கிறது. ஆனால், பக்கத்து வீட்டு அக்கா ஒருநாளும் சட்டப் பிரிவைக் காட்டிக் காசு கேட்க மாட்டார். மனசுக்குள் வைத்துக்கொள்வார். அடுத்த பொங்கலுக்குக் கேட்டால், “நாங்களும் ஊருக்குப் போறோமே தம்பி” என்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் இதை முடித்துவிடலாம். “அக்கா, அவசரம்னா 5,000 ரூபாய் வரைக்கும் என்னைக் கேக்காம செலவு பண்ணுங்க. இப்பவே ஜிபே பண்ணிட்டேன், மிச்சத்தை வந்து வாங்கிக்கிறேன். அதுக்கு மேல ஆகும்னா, இல்ல ஆபரேஷன்னா, எங்க அண்ணன்கிட்ட பேசுங்க. அவர் சொல்றது நான் சொன்ன மாதிரி. டாக்டர் நம்பரும் அண்ணன் நம்பரும் கீழ இருக்கு.” இதில் அந்த அண்ணன் ரொம்ப முக்கியம். வளர்ப்பவர் விமானத்தில் இருக்கலாம், மலைக்கோயிலில் இருக்கலாம். முடிவெடுக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

தீபாவளி என்றால் இன்னொரு தலைவலி, வெடி. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றுதான் பட்டாசுக்கு நேரம். தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் முன்பே ஆரம்பித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். புது வீடு, புது மனிதர்கள், போதாததற்கு வெடிச்சத்தம். மிரண்டு ஓடினால் கிண்டியில் ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, பக்கத்திலேயே ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் வேளச்சேரி மெயின் ரோடு. வெடி நேரத்தில் ஜன்னலை மூடி, டி.வி.யைப் போட்டு, உள் அறையில் வைத்திருப்பது நல்லது. கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லையையும் ஒருமுறை பாருங்கள். அதில் இருப்பது யாருடைய நம்பர்? நெல்லையில் இருப்பவருடையது! நாயைப் பிடித்து வைத்திருப்பவர் கிண்டியில் இருக்கும் அக்காவுக்கு அல்லவா போன் செய்ய வேண்டும். ஒரு துண்டு பிளாஸ்திரியில் அவர் நம்பரை எழுதி ஒட்டினால் போதும்.

சாப்பாட்டு விஷயத்தில் பாசம்தான் எதிரி. பண்டிகை வீட்டில் ஒரு வாய் கொடுக்காமல் நம்மவர்களுக்கு மனசு ஆறாது. ஆனால், உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். கேசரி, லட்டு, சர்க்கரைப் பொங்கல் எல்லாவற்றிலும் அது உண்டு. சாக்லேட்டும் வெங்காயமும் ஆகாது. உடம்பு சுடுகிறது என்று நாமே நமது காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் ஆபத்து. ‘எது கொடுக்கலாம்’ என்று நீளமாக எழுதுவதைவிட, ‘இந்தப் பையில் இருப்பது தவிர எதுவும் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவது சுலபம்.

பார்த்துக்கொள்பவரும் சில கேள்விகள் கேட்கலாம், தப்பில்லை. ராத்திரி எங்கே தூங்கும்? எத்தனை மணிக்கு வெளியே கூட்டிப்போக வேண்டும்? ஒரு நாள் எனக்கு அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தால் என்ன செய்வது? என்றைக்கு, எத்தனை மணிக்குத் திரும்பி வருவீர்கள்? முட்டி வலியோடு இருப்பவர் 30 கிலோ லாப்ரடாரை இழுத்துப் பிடிக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிடலாம். முடியாது என்று முன்பே சொன்னால் வேறு ஆளையோ, கட்டணம் வாங்கும் காப்பகத்தையோ தேட நேரம் கிடைக்கும். காப்பகம் என்றால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு விடுவது நல்லது. நாயைக் கூண்டில் எத்தனை மணி நேரம் வைப்பார்கள், ராத்திரி ஆள் இருப்பாரா என்று கேளுங்கள். எந்த ஏற்பாடும் செய்யாமல் தெருவில் விட்டுவிட்டுப் போவதோ, மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1960-லிருந்தே குற்றம்.

அந்த 1872 சட்டத்தில் ஒரு பசுவும் வருகிறது. பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்த பசு கன்று போட்டால், பசுவோடு கன்றையும் திருப்பித் தர வேண்டும் என்கிறது 163-வது பிரிவு. எனவே, பெண் நாய் சினையாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறும் நாலு நாளில் பிரசவம் பார்க்க எந்த அக்காவும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.