வசதிக்காரன் பிள்ளைக்கு எதற்கு?

"வசதியுள்ளவன் பிள்ளைக்கு அரசாங்கம் எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? அதை நிறுத்தி ஏழைப் பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன?"

தோழர்களே, இந்தக் கேள்வி நம் சங்கக் கூட்டங்களிலேயே எழுகிறது. மூட்டை சுமப்பவர்களும், சைக்கிளில் இட்லி விற்பவர்களும், தோல் பட்டறையில் கை வெந்தவர்களும்தான் கேட்கிறார்கள். அவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. காதுக்கு நியாயமாகவே ஒலிக்கும் கேள்வி இது. ஆனால் இதை முதலில் கிளப்பிவிட்டவர்கள் யார், கிளப்பிவிட்டபின் யார் வீட்டு அடுப்பு அணைந்தது என்று பார்த்துவிட்டுப் பிறகு தலையாட்டுவோம்.

பிரிட்டனில் இதைச் செய்தே பார்த்துவிட்டார்கள். அங்கே பிள்ளை வளர்க்கும் குடும்பத்துக்கு அரசு வாராவாரம் ஒரு தொகை தருகிறது. பஞ்சப்படி, பயணப்படி என்று நாம் சொல்வதுபோல் இதைப் பிள்ளைப்படி என்று வைத்துக்கொள்வோம். எலினார் ராத்போன் என்ற அம்மையார் கால் நூற்றாண்டுக்கு மேல் போராடியதன் பலனாக 1945-ல் இதற்குச் சட்டம் வந்தது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் 5 ஷில்லிங். தகப்பன் கையில் கொடுப்பதாக இருந்ததை மாற்றி, தாயின் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று வாதாடி வென்றவரும் அவர்தான். சாராயக் கடை இருக்கும் தெருவில் குடியிருக்கும் நம் தாய்மார்களுக்கு இதன் அருமையை நாம் விளக்கத் தேவையில்லை. 1975-ல் வந்த புதிய சட்டம் முதல் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டது. அதுவரை தகப்பனின் வருமான வரியில் பிள்ளைக்காகக் கழித்துவந்த சலுகையும் 1977 முதல் படிப்படியாகத் தாய்க்குக் கொடுக்கும் ரொக்கமாக மாறியது. சுரங்கத் தொழிலாளியின் மனைவிக்கும் வங்கி மேலாளரின் மனைவிக்கும் ஒரே கணக்கு. யாரிடமும் சம்பளச் சீட்டு கேட்கவில்லை.

2010 அக்டோபரில் அந்நாட்டு நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் நியாயத்தின் பெயரால் ஓர் அறிவிப்புச் செய்தார். குறைந்த சம்பளக்காரனிடம் வரி வாங்கி வசதிக்காரன் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்பதே அவர் வாதம். நம் கூட்டத்தில் கேட்ட அதே கேள்வி! 2013 ஜனவரி 7 முதல், பெற்றோரில் ஒருவருடைய ஆண்டு வருமானம் 50,000 பவுனைத் தாண்டினால் பிள்ளைப்படியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்ட வேண்டும். 60,000-ஐத் தொட்டால் முழுவதும் போய்விடும் என்றார்கள்.

இந்த நியாயத்தின் இலட்சணத்தைப் பாருங்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கு 49,000 சம்பாதித்தால் வீட்டுக்கு 98,000 பவுன் வருகிறது. அந்த வீட்டுக்குப் பிள்ளைப்படி முழுதும் உண்டு. பக்கத்து வீட்டில் கணவனை இழந்த ஒருத்தி 60,000 சம்பாதித்துத் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தால் அவளுக்கு ஒரு பென்ஸும் இல்லை. ஏன் இந்தக் கோணல்? அந்நாட்டில் வருமான வரி ஆளுக்கு ஆள் தனித்தனி. ஒரு குடும்பத்தின் மொத்த வருமானத்தைக் கணக்கிட வேண்டுமானால் வீடுவீடாக விசாரிக்க ஒரு புதிய இலாகாவே வேண்டும். அதற்குச் செலவாகும் என்று குறுக்கு வழியில் போனார்கள். 2024 ஏப்ரலில் வரம்பை 60,000 முதல் 80,000 வரை என்று உயர்த்தினார்களே தவிர, கோணல் அப்படியே நின்றது. குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுப்போம் என்று அந்த ஆண்டு மார்ச்சில் வாக்குக் கொடுத்த அரசு தேர்தலில் போய்விட்டது. பின்னால் வந்த அரசு, செலவு அதிகம் என்று சொல்லி அக்டோபரில் அதைக் கைவிட்டது.

திருப்பிக் கட்டும் தொல்லைக்குப் பயந்து பல குடும்பங்கள் விண்ணப்பமே போடாமல் விட்டன. பிள்ளைக்காக வேலையை விட்டு வீட்டில் இருக்கும் தாய்க்கு, இந்த விண்ணப்பத்தின் மூலம்தான் ஓய்வூதியக் கணக்கில் ஆண்டுகள் சேரும். விண்ணப்பம் போடாத தாய்மார்களுக்கு அதுவும் போயிற்று. கணவன் கைநிறையச் சம்பாதிக்கலாம். அவன் மனைவியின் முதுமைக்கு என்ன உத்தரவாதம்? சட்டம் எழுதியவர்களுக்கு இது தோன்றவில்லை.

இத்தனையும் வசதியுள்ளவர்களின் கஷ்டம்தானே, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். இருங்கள், இனிமேல்தான் ஏழையின் முறை வருகிறது.

இதே அரசின் காலத்தில் பிள்ளைப்படியின் தொகையை ஆண்டுக்கணக்கில் உயர்த்தாமல் முடக்கி வைத்தார்கள். முதல் பிள்ளைக்கு 2010-ல் வாரம் 20 பவுன் 30 பென்ஸ். 2019-ல் 20 பவுன் 70 பென்ஸ். ஒன்பது ஆண்டுகளில் ரொட்டியும் பாலும் வாடகையும் ஏறின. பிள்ளைப்படி ஏறியது 40 பென்ஸ்! முடக்கம் எல்லோருக்கும்தான் என்றாலும், குரல் கொடுத்தால் பத்திரிகையில் வரக்கூடிய நடுத்தர வகுப்பாரில் மேல்தட்டினர் அதற்குள் வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். தனக்கு வராத பணம் உயர்ந்தால் என்ன, உயராவிட்டால் என்ன என்று அவர்கள் இருந்துவிடுவது இயல்பு.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஏழைகளுக்கு மட்டும் என்று வருமானம் பார்த்துக் கொடுக்கும் வேறு உதவிகளும் அங்கே உண்டு. அவற்றில்தான் 2017 ஏப்ரலில் கை வைத்தார்கள். அதற்குப் பின் பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்குப் பணம் கிடையாது என்றார்கள். பெரும்பாலோருக்குப் போய்ச் சேரும் பிள்ளைப்படியில் அப்படி ஒரு வரம்பு வைக்கத் துணிவு வரவில்லை. எட்டாண்டுகள் எத்தனையோ பிள்ளைகளைப் பட்டினிக்குத் தள்ளிய பிறகு, 2025 நவம்பரில்தான் அந்த வரம்பை எடுப்பதாக அறிவிப்பு வந்தது.

மேலே உள்ளவனிடமிருந்து பிடித்த பணம் ஏழைக்குப் போயிற்றா? 2013 ஜனவரியில் நியாயம் பேசிப் பிள்ளைப்படியைப் பறித்த அதே அரசு, அதே ஆண்டு ஏப்ரலில், 1,50,000 பவுனுக்கு மேல் சம்பாதிப்பவர்களின் உச்ச வரி விகிதத்தை 50 சதவீதத்திலிருந்து 45 ஆகக் குறைத்தது. மூன்றே மாத இடைவெளி! பிள்ளை உள்ள நடுத்தரக் குடும்பத்திடம் பிடுங்கினார்கள். பெருந்தனக்காரனுக்கு, அவனுக்குப் பிள்ளை இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல், தள்ளுபடி கொடுத்தார்கள்.

சீமைக் கதை போதும். நம் ரேஷன் கார்டை எடுத்துப் பார்ப்போம்.

1997 ஜூன் வரை இந்த நாட்டில் ரேஷன் பொதுவானது. கசிவு அதிகம், வசதிக்காரனும் வாங்குகிறான், ஏழைக்கு மட்டும் கொடுத்தால் நிறையக் கொடுக்கலாம் என்று சொல்லி மக்களை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தார்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வாழ்ந்த தாராவியில் எத்தனை குடும்பங்களுக்கு ஏழைக் கார்டு கிடைத்தது தெரியுமா? 151. நூற்று ஐம்பத்தோரு குடும்பம்! பொருளாதார அறிஞர் மதுரா சுவாமிநாதன் எடுத்துக்காட்டிய கணக்கு இது. நாம் குடியிருக்கும் சந்து ஒன்றிலேயே அதைவிட அதிகம் ஏழைகள் இருப்பார்கள். வசதிக்காரனை வெளியே தள்ளப் போட்ட வேலி யாரை வெளியே தள்ளியது என்று இனியும் கேட்க வேண்டுமா?

1999-ல் மகாராஷ்டிரத்தில் கார்டுக்கு நிறம் வந்தது. ஆண்டு வருமானம் 15,000 ரூபாய் வரை மஞ்சள், ஒரு இலட்சம் வரை கேசரி, அதற்கு மேல் வெள்ளை. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இம்மாநிலத்தில் நகரக் குடும்பத்துக்கு வைத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 59,000 ரூபாய். மாதம் ஐயாயிரம்கூட இல்லை. மும்பையில் மாதம் ஐயாயிரத்தில் நான்கு பேர் குடும்பம் நடத்த முடியும் என்று நினைக்கும் அதிகாரியை ஒரே ஒரு மாதம் நம் லேபர் கேம்ப்பில் வந்து தங்கச் சொல்லலாம்.

அடுத்து வருமானச் சான்று. விடியற்காலையில் இட்லிப் பானையோடு கிளம்பும் திருநெல்வேலிக்காரருக்கு எந்த முதலாளி சம்பளச் சீட்டு கொடுப்பார்? மார்ச்சில் வியாபாரம் ஓடும். ஜூலை மழையில் முட்டளவு தண்ணீரில் பானையோடு திரும்பி வருவார். அவருடைய ஆண்டு வருமானம் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு தரகர் இருக்கிறார்; அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் எந்தத் தொகைக்கும் தாள் வரும். வரம்பு என்று ஒன்றை எழுதினால் அதைக் காட்டிப் பிழைப்பவன் ஒருவன் முளைப்பான். கார் வைத்திருப்பவனுக்கு மஞ்சள் கார்டு கிடைப்பதும், கைவண்டி இழுப்பவனுக்குக் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

தாயகத்தைப் பாருங்கள். 1997-ல் நாடெங்கும் கோடு கிழித்தபோது தமிழ்நாடு ரேஷனைப் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவில், தட்டை நீட்டும் பிள்ளையிடம் உன் அப்பனுக்கு என்ன சம்பளம் என்று யாரும் கேட்கவில்லை. (அதே எம்.ஜி.ஆர். 1979-ல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு 9,000 ரூபாய் வருமான வரம்பு வைத்ததும், 1980 நாடாளுமன்றத் தேர்தலில் அடி வாங்கியபின் அதை எடுத்ததும் வேறு கதை.) தாயகத்து ஆட்சியாளர்களும் எப்போதும் இந்த வழியில் நிற்பதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம், நஞ்சை ஐந்து ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்று வரம்பும் வைத்தார்கள். உரிமை என்றால் யூனிட் எதற்கு?

மத்திய அரசின் கைவேலை இன்னும் நயமானது. 2013 சட்டத்தின் 4-வது பிரிவு, ஒவ்வொரு கர்ப்பிணித் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. வழக்கமான அரசு வேலையிலும் அதுபோன்ற சலுகை கிடைக்கும் வேலையிலும் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. 2017-ல் திட்டம் வந்தபோது அது 5,000 ஆயிற்று. முதல் பிள்ளைக்கு மட்டும் என்றும் ஆயிற்று. பின்னர் இரண்டாவது பிள்ளை பெண்ணானால் உண்டு என்றார்கள். கூடவே குடும்ப வருமானம் எட்டு இலட்சத்துக்குள் இருக்க வேண்டும் அல்லது இன்ன அட்டை, இன்ன சான்று வேண்டும் என்று பட்டியலும் நீண்டது. எட்டு இலட்சம் பெரிய தொகைதானே, நம்மில் யார் அதைத் தாண்டப்போகிறோம் என்று கேட்கலாம். தாண்டமாட்டோம். ஆனால் தாண்டவில்லை என்று தாள் காட்ட வேண்டியவர்கள் நாம்தான். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை அறையில் இருந்துகொண்டு, எட்டு மாத வயிற்றோடு அந்தத் தாளுக்காக வரிசையில் நிற்பது நம் வீட்டுப் பெண்கள்தான்.

அப்படியானால் பணக்காரனை விட்டுவிடுவதா? விடவே கூடாது. அவனைப் பிடிக்க வேண்டிய இடம் வருமான வரி இலாகா. இந்த நாட்டில் பரம்பரைச் சொத்துக்கு இருந்த வரியை 1985-ல் எடுத்தார்கள். செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் எடுத்தார்கள். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாக இறக்கினார்கள். அப்போதெல்லாம் பணக்காரனுக்கு எதற்குச் சலுகை என்று கேட்காத வாய், பால்பவுடர் வாங்கும் தாய்க்குப் பணம் என்றதும் திறக்கிறது! வரி கட்டும் பெரிய சம்பளக்காரர் தம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை வரியில் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டமே நெடுங்காலம் இடம் கொடுத்தது. அதுவும் அரசாங்கம் கொடுக்கும் பிள்ளைப்படிதான். அதை யாராவது இலவசம் என்று ஏசிக் கேட்டிருக்கிறோமா?

ஆகவே அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும் எந்தக் கட்சிக்காரரிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. 4-வது பிரிவு சொல்லும் 6,000-ஐ எந்தப் பிள்ளை என்று பார்க்காமல், வருமானச் சான்று கேட்காமல், எந்த மாநிலத்தில் பிரசவம் நடந்தாலும் கொடுக்க வேண்டும். 2013-ல் எழுதிய அந்தத் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்த வேண்டும். ரேஷனுக்கு 59,000 போன்ற வரம்புகளை எடுத்துவிட்டு, குடியிருக்கும் இடத்தில் கார்டு கொடுக்க வேண்டும். ஆகும் செலவுக்கு 1985-லும் 2015-லும் எடுத்த வரிகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கடைசிக் கோரிக்கையைச் சொன்னதும் வந்தவர் நாற்காலியை விட்டு எழுந்தால், அவர் யாருடைய ஆள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.