ஸ்டாம்பு ஒட்டியாச்சு, மனுவை எடுக்கவில்லை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் அவசரப்படுகிறவருக்குச் சலுகை, பொறுத்திருக்கிறவருக்கு அபராதம். இதை எங்கள் வீட்டு மேஜையில் பலமுறை சொல்லியாகிவிட்டது. யாரும் கேட்பதாக இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். எழுபது தாண்டியவனுக்கு மந்திரவாதிச் சண்டையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் அடுத்த பதிவுக்குப் போய்விடலாம். (சீட்டாட்டத்துக்கு இது எவ்வளவோ மேல். காசு போகாது.)

விளையாடாதவர்களுக்காகச் சில வரிகள். சண்டை வந்ததும் ஒவ்வொருவரும் 20 பக்கப் பகடையை உருட்டி, வந்த எண்ணின்படி வரிசையில் நிற்க வேண்டும். பெரிய எண்ணுக்கு முதல் முறை. எல்லோருக்கும் முறை வந்து போனால் ஒரு சுற்று. கதைக்குள் அது 6 விநாடி. மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று கணக்கு உண்டு. அதற்கு ஸ்லாட் என்று பெயர். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு மூன்றாம் படி ஸ்லாட் இரண்டே இரண்டு.

என் பேத்தி மந்திரவாதி. அவள் முறை முதலில் வந்துவிடுகிறது. எதிரே காப்லின் கூட்டம். நடுவில் அவள் தம்பியின் போர்வீரன். ஃபயர்பால் போட்டால் 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லோரும் வேகுவார்கள், தம்பி உட்பட. "அவன் பின்னால் வரட்டும், அப்புறம் போடறேன் தாத்தா" என்கிறாள். இதைவிடப் பொறுப்பான பேச்சு உண்டா?

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கு 'டிலே' என்று ஒரு வழி இருந்தது. உன் முறையைத் தள்ளிப்போடு, வேண்டிய இடத்தில் நுழைந்துகொள், அவ்வளவுதான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது 'ரெடி' மட்டும். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மந்திரம் என்றால், அறிவித்த அந்த நொடியே போட்டதாகக் கணக்கு. ஸ்லாட் போயிற்று. பிறகு அதன் சக்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குக் கான்சன்ட்ரேஷன் தேவை. ஆகவே அதே கான்சன்ட்ரேஷனில் ஏற்கெனவே வேறு மந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் அது கலைந்துவிடும். நடுவில் ஓர் அம்பு பட்டுப் பகடையும் கைவிட்டால் பிடித்துவைத்ததும் காற்றோடு போச்சு. வெளியே விடுவதற்கு ரியாக்‌ஷன் வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள அதற்குள் 'ஷீல்ட்' போட்டிருந்தால் அதுவும் கிடையாது. தம்பி பின்வாங்காமலே நின்றுவிட்டாலும் ஸ்லாட் திரும்பி வராது. அன்று அவன் பின்வாங்கவில்லை. வீரமாம்.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் விதிகளைப் பிரெஞ்சிலும் வரி வரியாக வாசித்துப் பார்த்தேன். பள்ளியில் எங்களுக்கு 'ஃபுய்த்தூர் ஆந்தேரியர்' என்று ஒரு காலம் சொல்லிக்கொடுத்தார்கள்: வருங்காலத்திலேயே முடிந்துவிட்ட காரியம். ரெடி செய்த மந்திரம் அதற்கு நேர் தலைகீழ். முடிந்துபோன காரியம், ஆனால் இன்னும் நடக்கவில்லை!

35 வருஷம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். மனுவில் ஸ்டாம்பு ஒட்டி அதன்மேல் முத்திரை விழுந்துவிட்டால் அந்த ஸ்டாம்பு தீர்ந்தது. அதிகாரி லீவில் போனாலும் காசு போனது போனதுதான். ரெடி அந்த மாதிரி. டிலே என்பது கவுண்ட்டரில் பின்னால் நிற்கிறவரை "நீங்க முன்னாடி போங்க" என்பது. அதற்கு எந்த ஊரில் கட்டணம் வாங்குகிறார்கள்?

போர்வீரனுக்கும் ரெடியில் நஷ்டம் உண்டே என்பார்கள். உண்மைதான். ஐந்தாம் நிலையில் அவனுக்குக் கிடைக்கும் இரண்டாவது வெட்டு அவன் முறையில்தான் செல்லும். ரெடியில் ஒரே வெட்டு. ஆனால் வாள் அவன் கையிலேயே இருக்கிறது, அடுத்த சுற்றில் மறுபடியும் இரண்டு வெட்டு. பேத்திக்கோ இரண்டில் ஒன்று போனால் பாதிச் சொத்து போச்சு.

ஆட்டத்தை நடத்துகிற மூத்த பேரன் சட்டம் படிக்கிறான். அவன் எடுத்துக்காட்டுவது அதிகாரப்பூர்வ விளக்கத்தை. பல மந்திரங்களின் ஆயுள் 'உன் அடுத்த முறை வரை' என்று கட்டப்பட்டிருக்கிறது. முறையைத் தள்ளிப்போட விட்டால் ஆயுளும் நீளும். மங்க் ஓர் எதிரியை ஸ்தம்பிக்கவைத்தால் அது மங்கின் அடுத்த முறை முடியும்வரை நீடிக்கும். மங்க் தாமதித்தால் எதிரி கூடுதலாகச் சிலையாக நிற்பான். நியாயமான கவலைதான். ஆனால் புதிய கவலையா? 2003-இன் 3.5 பதிப்பு, மந்திரத்தின் ஆயுளை ஆளோடு கட்டவில்லை. அது எந்த எண்ணில் தொடங்கியதோ அந்த எண்ணோடு கட்டியது. ஆள் எங்கே நகர்ந்தாலும் கணக்கு நகராது. 2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இன்னும் கறார்: தாமதித்தால், உன் முறையில் முடிய வேண்டிய நன்மைகள் அப்போதே முடியும், உன் முறையில் வர வேண்டிய தீமைகள் அப்போதே வரும், திரும்பி வரிசைக்குள் வரும்வரை ரியாக்‌ஷனும் கிடையாது. ஓட்டையை இரண்டு வாக்கியத்தில் அடைத்துவிட்டார்கள். எலி வருகிறது என்று இவர்கள் வீட்டையே கொளுத்தினார்கள்.

ஆட்டம் மெதுவாகும் என்கிறார்களே, கொஞ்சம் ஆகத்தான் செய்யும். ஆனால் ரெடியில் 'இது நடந்தால்' என்று சொன்னது நடந்ததா இல்லையா என்று அக்காவும் தம்பியும் வழக்காடும் நேரத்தில் இரண்டு சுற்று முடித்துவிடலாம்.

2024 பதிப்பில் 'அலர்ட்' என்ற ஃபீட்டைப் பாருங்கள். அதை வைத்திருப்பவர், வரிசை போட்ட உடனே, சம்மதிக்கும் கூட்டாளி ஒருவரோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். அப்படியென்றால் இடம் மாறுவதில் தவறில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வாசலைப் பூட்டிவிட்டு, திட்டிவாசலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். அதுவும் சண்டை தொடங்கும்போது மட்டும். நடுவில் நிலைமை மாறினால்?

எனக்கு வருத்தம் தருவது வேறு. அந்த ஆட்டத்துக்குப் பிறகு பேத்தி காத்திருப்பதை விட்டுவிட்டாள். முறை வந்ததும் கிடைத்ததை வீசுகிறாள். ஒருதடவை தம்பியையும் சேர்த்தே கருக்கினாள். புத்தகத்தின்படி அதுதான் லாபம்.

ஜூலையில் லீவுக்கு வருகிறார்கள். பாத்ஃபைண்டர் சொல்வதைத் தமிழில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று என இரண்டு பிரதி எழுதிவைத்திருக்கிறேன். பேரன் கையெழுத்துப் போடும்வரை பகடைப் பெட்டி என் அலமாரியில்தான் இருக்கும்.