ஒன்பது நாள், பதினொரு ஊர்

பலாங்கொடையில் கோச்சி கிடையாது. ஒரு காலத்தில் கிட்டத்தில், ஓப்பநாயக்க வரைக்கும் வந்தது. களனிவெளிப் பாதையின் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஆடி ஆடி வந்த சின்னக் கோச்சி. 1976இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது கோச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலே பெரகலைச் சந்தி ஏறி ஹப்புத்தளைக்குப் போக வேண்டும். ஆனாலும், இந்தியாவுக்குப் போய்க் கோச்சியில் எத்தனை ஊர் சுற்றலாம் என்று விரல் மடக்கிக் கணக்குச் சொல்லாத ஆளை இந்த டவுனில் நான் பார்த்ததில்லை.

சலூன் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒன்பது நாள், பதினொரு ஊர். சென்னை, காஞ்சிபுரம், திருப்பதி, பெங்களூர், மைசூர், ஊட்டி, பழனி, மதுரை, இராமேஸ்வரம், தஞ்சாவூர், வேளாங்கண்ணி. பக்கத்திலேயே அதே காசுக்குப் பன்னிரண்டு ஊர் காட்டுவதாக இன்னொரு நோட்டீஸ். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பன்னிரண்டுதான் இலாபம் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். யாரைக் கேட்டாலும் ஒரே நியாயம்: “போனதுதான் போனோம், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துரணும்.”

இந்த ஒற்றை வரியோடுதான் எனக்குச் சண்டை.

அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் வலி எனக்குத் தெரியாததல்ல. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயென்று வர்த்தமானியில் வந்தது. அந்தச் சம்பளத்தில் சீட்டுப் பிடித்து, கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளை அனுப்பியதையும் சேர்த்து, கடவுச்சீட்டு எடுத்து, வீசா எடுத்துப் போகிற ஒருவரிடம் “ஆறுதலாக நாலு ஊர் பாருங்கள்” என்று சொன்னால் கோபம்தான் வரும். வாழ்க்கையில் ஒரு தடவை போகிற பயணத்தில் குறைத்துப் பார்க்கச் சொல்ல நீ யார் என்று கேட்பார்கள். ஆனால் அப்படிச் சேர்த்த காசு என்பதால்தான் கேட்கிறேன்: அந்தக் காசுக்கு நீங்கள் உண்மையில் வாங்குவது என்ன?

கணக்கைப் போட்டே பார்ப்போம். ஒன்பது நாளில் விமான நிலையத்துக்கென்று ஒரு நாள் போய்விடும். மிச்சம் எட்டு. விழித்திருக்கும் நேரம் நாளுக்குப் பதினாறு மணி என்றால் 128 மணி நேரம். பதினொரு ஊருக்கு இடையில் பத்து இடமாற்றம். லொட்ஜைக் காலி செய்து, பையைக் கட்டி, ஆட்டோ பிடித்து, மேடையில் காத்திருந்து, ஏறி இறங்கி, அடுத்த லொட்ஜில் பையை வைக்கிற வரைக்கும் ஒன்றுக்கு ஆறு மணி நேரம் என்றால் அறுபது போயிற்று. குளிக்க, சாப்பிட, கக்கூஸ் வரிசையில் நிற்க நாளுக்கு நாலு மணி நேரம். அது முப்பத்திரண்டு. எஞ்சியது முப்பத்தாறு. ஊருக்கு மூன்று மணி நேரத்துச் சொச்சம்.

அந்த மூன்று மணி நேரமும் எப்போது வந்து விழுகிறது என்பது வேறு கதை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயில் நடை பகல் 12.30க்குச் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். தஞ்சைப் பெரிய கோயிலிலும் மத்தியான நேரத்தில் சந்நிதி சாத்தியிருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; ஆக்ராவின் தாஜ்மகாலுக்கும் அப்படியே. எனக்குத் தெரிந்த ஒரு குழு மதுரைக்குப் பகல் ஒரு மணிக்குப் போய் மூன்றரைக்குக் கிளம்பியது. அவர்கள் பார்த்தது கோபுரத்தின் வெளிப்பக்கமும் ஒரு ஜிகர்தண்டாக் கடையும். ஊர் திரும்பி, மதுரை பார்த்தாயிற்று என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

உடனே ஒரு மறுமொழி வரும்: “அதுக்குத்தானே நைட் கோச்சி! தூங்கிக்கிட்டே போயிரலாம், லொட்ஜ் காசும் மிச்சம்.” சாதாரண மனிதர்களை மட்டுமல்ல, படித்தவர்களையும் ஏமாற்றும் கணக்கு இது. இரவுக் கோச்சி கூடாதென்று நான் சொல்லவில்லை. சென்னையிலிருந்து இராமேஸ்வரம் போக அதுவே நல்ல வழி. விடியும் நேரத்தில் பாம்பன் கடலுக்கு மேல் கண் விழிப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் எட்டு இரவில் நாலு இரவு தண்டவாளத்தில் என்றால், அடுத்த நாள் பகலைத் தூங்கி விழுந்தே கழிக்கிறோம். விடிகாலை நாலு மணிக்கு ஒரு நிலையத்தில் இறங்கி, மேடையில் துண்டை விரித்துப் படுத்து, கட்டணக் குளியலறையில் குளிக்கிறவர்களிடம் மிச்சமான லொட்ஜ் காசு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தலைவலிக் குளிசையிலும் ஆட்டோவிலும் போயிருக்கும்.

அதிலும், அந்தப் படுக்கை கிடைக்கும் என்று யார் சொன்னது? இந்திய ரயிலில் சாதாரண முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்துகொண்டிருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது அறுபது நாள் ஆகிவிட்டது. காத்திருப்புப் பட்டியலில் இருக்கிற இணைய டிக்கட், பயணிகள் அட்டவணை தயாரானபோதும் உறுதியாகாவிட்டால் தானாக இரத்தாகிவிடும். ‘ஆர்ஏசி’ என்று வந்தால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றில் முன்பின் தெரியாத ஒருவரோடு பாதிப் பாதி உட்கார்ந்து போக வேண்டும். “தத்கால்ல போட்டுக்கலாம்” என்று சொல்கிற அண்ணன்மாருக்கு ஒரு செய்தி: 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் கடைசி நேரத் தத்கால் டிக்கட் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். நம்மிடம் இருப்பது இலங்கை அடையாள அட்டை. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று 365 நாளுக்கு முன்பே எடுக்கக்கூடிய தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் எல்லாக் கோச்சியிலும் இல்லை. இருப்பதிலும் சில படுக்கைதான். பத்து இடமாற்றம் உள்ள திட்டத்தில் ஒரு டிக்கட் உறுதியாகாவிட்டால் அடுத்தடுத்தது எல்லாம் சரிகிறது. நாலு இடமாற்றம் உள்ள திட்டத்தில் ஒன்று பிசகினால், ஒரு நாள் கூடுதலாகத் தங்கி இன்னொரு காப்பி குடிக்கலாம்.

இது நம் ஊர் ஏழைப் பயணிகளின் நோய் மட்டுமல்ல. பாரிஸிலும் சூரிச்சிலும் சொந்தம் இருக்கிறவர்கள் ஐரோப்பிய ரயில் பாஸை வாங்கிக்கொண்டு இதே கூத்தைத்தான் ஆடுகிறார்கள். யூரெயில் பாஸ் 1959இலிருந்து இருக்கிறது. பிரான்சின் அதிவேக வண்டியில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகக் காசு கட்டி முன்பதிவு செய்ய வேண்டும் என்பது பலருக்கு நிலையத்தில்தான் தெரிகிறது. ஜப்பானின் ஏழு நாள் பாஸ் 2023 ஒக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாகத் தாவியது. பாஸுக்குக் கொடுத்த காசை ‘மீட்க’ வேண்டும் என்பதற்காகவே இறங்க மனமில்லாத ஊர்களுக்கெல்லாம் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். பதினொரு ஊர்த் திட்டத்தில் எனக்கு ஆத்திரம் தருவது அதன் கணக்கு மட்டுமல்ல. அது எனக்குத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தை ஞாபகப்படுத்துகிறது. விடியுமுன் தப்புச் சத்தம், வரிசையில் நில், தலையை எண்ணு, பிந்தினால் அரைப்பேர். ஐந்து தலைமுறையாக நாம் நின்ற வரிசை அது. ஒன்பது நாள் அதிலிருந்து விடுதலை வாங்கிப் போகிற நாம், காசும் கொடுத்து, நிலைய மேடையில் விசில் ஊதும் ஒரு கங்காணியை அமர்த்திக்கொள்கிறோம். கொழுந்தைக் கிலோவில் நிறுத்துக் கணக்கெழுதுகிற மாதிரி ஊரையும் நிறுத்துக் கணக்கெழுதுகிறோம். இன்னும் இரண்டு கிலோ கூடையில் போட்டால் கைக்காசு கிடைக்கும் என்பதுபோல, இன்னும் இரண்டு ஊர்.

போன வருடம் சின்னம்மா அப்படி ஒரு குழுவில் போய் வந்தார். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். எல்லாம் ஒரே மாதிரிதான். ஊட்டிக்கு ஏறும் வழியில் குன்னூர் நிலையத்தில் இருபது நிமிடம் விட்டிருக்கிறார்கள், மலைக் கோச்சியைப் படம் பிடிக்க. வண்டி வளைவில் தெரிந்ததும் சின்னம்மா வாய்விட்டு, “அந்தா கோச்சி வருது” என்றிருக்கிறார். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த கிழவி சட்டென்று திரும்பியிருக்கிறார். தமிழ்நாட்டில் யாரும் கோச்சி என்று சொல்வதில்லை.

“நீங்க எந்தத் தோட்டம்?”

சிலோனா என்று கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டிருக்கிறார். சின்னம்மா பலாங்கொடைப் பெட்டியாகலை என்றதும், கிழவி கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் பின்னவலைப் பக்கத்திலிருந்து எழுபதுகளில், கைக்குழந்தையோடு போனவர். இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருப்பார்கள். விசில் ஊதியாயிற்று. தலை எண்ணியாயிற்று. ஊட்டியில் படகுச் சவாரிக்கு நேரமாகிறதாம். சின்னம்மாவுக்குக் கிழவியின் பெயர்கூடத் தெரியாது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, நம் தோட்டத்து மக்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தார்கள். மிச்சமாக வைத்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் இந்திராவோடு பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப் போன வண்டியைப் பெரியவர்கள் இன்றும் ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். அப்படிப் போனவர்களில் பல குடும்பங்களுக்கு நீலகிரியில் வேலை கொடுத்தது தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் நம் பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அதாவது, பலாங்கொடைக்காரர் வெளிநாட்டில் கோச்சி ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால், நோட்டீஸ்காரர்கள் அந்தக் குன்னூருக்கு இருபது நிமிடம் கொடுக்கிறார்கள்.

இராமேஸ்வரமும் அப்படித்தான். குழுக்கள் அதிகாலையில் இறங்கி, இருபத்திரண்டு தீர்த்தத்தில் ஓடி ஓடிக் குளித்து, ஈரச் சேலையோடே வண்டி ஏறுகின்றன. தீவுக்குள் நுழையுமுன் கோச்சி கடக்கும் மண்டபம் முகாம் நிலையத்தின் பெயரை யாரும் வாசிப்பதில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய காலத்தில் இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே முகாம் நடத்தி, நம் பாட்டன் பூட்டிகளை அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. முகாம் நிலையத்தின் பெயரோடே ஒட்டிக்கொண்டது. அதைத் தாண்டினால் பாம்பன். 1914 பெப்ரவரி 24இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசெம்பரோடு கோச்சி நின்றது; நடுவில் 72 மீட்டர்த் துண்டு அப்படியே மேலே எழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறந்தது. இன்னும் கீழே தனுஷ்கோடி. 1964 டிசெம்பரில் புயல் ஒரு கோச்சியையே பயணிகளோடு கடலுக்குள் இழுத்துப் போட்ட இடம். அந்த முனையில் நின்றால் எதிர்க்கரையில் நம் தலைமன்னார். 2015இல் நம் கோச்சியும் மறுபடி அங்கே வரத் தொடங்கிவிட்டது. நடுவில் கடல் மட்டும்தான் பாக்கி. இதற்கெல்லாம் மூன்று மணி நேரம் போதுமென்று கணக்குப் போட்டவர் யாரோ தெரியாது, ஆனால் அவர் தோட்டத்துப் பிள்ளையாக இருக்க முடியாது.

இந்த வருடம் சின்னம்மாவும் மச்சானும் நானும் போவதாக இருக்கிறோம். அதே ஒன்பது நாள். கொழும்பிலிருந்து திருச்சியில் இறங்கி, மதுரையிலிருந்து திரும்புவது. இறங்கிய இடத்துக்கே திரும்பி ஓட வேண்டியதில்லை. திருச்சியில் ஓர் இரவு. மேட்டுப்பாளையத்தில் ஓர் இரவு, தூங்குவதற்கு மட்டும், ஏனென்றால் மலைக் கோச்சி காலை ஏழு மணிக்குப் பிறகு கிளம்பிவிடும். குன்னூரில் இரண்டு இரவு. பிறகு மதுரை ஓர் இரவு. பெரிய பையை அங்கேயே விட்டுவிட்டு இராமேஸ்வரம் இரண்டு இரவு. திரும்பி மதுரையில் ஓர் இரவு. முடிந்தவரை பகல் வண்டிகள்.

மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. குன்னூரில் இரண்டாம் நாளுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பதைக் காட்டி, “இதில மைசூர் போய்ட்டு வந்துரலாமே” என்கிறார். பென்சிலால் எழுதியும் வைத்துவிட்டார். சின்னம்மா அதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, கிழவிக்குக் கொண்டுபோக எந்தக் கடைத் தேயிலை நல்லதென்று என்னைக் கேட்கிறார்.